150 சிசியிலிருந்து 400 சிசிக்கு: பழைய பெரிய பைக்குக்கு மாறலாமா என்று முடிவு செய்யும் முறை

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு வாங்கிய 150 சிசி பைக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடன் முடிந்துவிட்டது, வண்டியும் பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை. அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் தம்முடைய 2020ஆம் ஆண்டு 373 சிசி பைக்கை விற்கப்போவதாகச் சொல்கிறார். அவர் கேட்கும் விலை, புதிய 160 சிசி பைக்கின் ஆன்ரோடு விலையைவிடச் சற்றுத்தான் அதிகம். அன்றிரவு முதல் இவருக்குத் தூக்கம் வருவதில்லை.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவருக்காக எழுதப்பட்டது. இதில் வாங்கப்போகும் வண்டியை நேரில் பார்ப்பது ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு: 40 குதிரைத்திறன் கொண்ட வண்டியின் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முறுக்கிப் பார்த்தபின் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, நானும் அதில் விதிவிலக்கு அல்ல. ஆகவே முதல் ஐந்து படிகளையும், விற்பனைக்கு வந்த அந்த வண்டியைத் தொடாமலேயே முடித்துவிடுவது நல்லது.

முதல் படி: இப்போதைய வண்டி எங்கே போதவில்லை என்று எழுதி வையுங்கள்

ஒரு மாத காலம், வண்டி போதவில்லை என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் இடம், வேகம், பின்னிருக்கையில் ஆள் இருந்தாரா, அப்போது என்ன செய்ய முயன்றீர்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் அந்தக் குறிப்புகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்: செங்கல்பட்டைத் தாண்டி லாரியை முந்தும்போது 65இலிருந்து 80க்கு வர நெடுநேரம் ஆயிற்று, ஏற்காடு மலையில் இருவராக ஏறும்போது இரண்டாம் கியரை விட்டு மாற முடியவில்லை, இரவில் முகப்பு விளக்கு போதவில்லை, திண்டிவனம் வருவதற்குள் இடுப்பு வலித்தது, மழையில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் வழுக்கியது.

இந்த ஐந்தில் எஞ்சின் திறன் சம்பந்தப்பட்டவை முதல் இரண்டு மட்டுமே. மற்ற மூன்றும் விளக்கு, இருக்கை, டயர், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஆகியவற்றின் குறைகள். அவற்றைத் தீர்க்கக் கூடுதல் குதிரைத்திறன் தேவையில்லை. அதைவிட, திறன் கூடிய பழைய வண்டியை வாங்கியும் அவை தீராமல் போகக்கூடும்.

உச்ச வேகத்தை ஒரு காரணமாக எழுதாதீர்கள். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, நான்குவழிச் சாலையிலும் விரைவுச்சாலையிலும் இருசக்கர வாகனத்துக்கான உச்சவரம்பு மணிக்கு 80 கிமீ. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. 80ஐ எந்த 150 சிசி பைக்கும் எட்டும். வேறுபாடு எங்கே என்றால், அந்த 80இல் சின்ன எஞ்சின் தன் திறனில் கணிசமான பகுதியைக் காற்றை எதிர்ப்பதற்கே செலவழித்துவிட்டிருக்கும். முந்துவதற்கும் எதிர்க்காற்றுக்கும் மேட்டுக்கும் அதனிடம் மிச்சம் குறைவு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது என்பதால், 80இலிருந்து 100க்குப் போக அந்தச் செலவு மட்டும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பெரிய எஞ்சின் தருவது இந்தக் கையிருப்பைத்தான். உங்கள் குறிப்பில் அந்தக் கையிருப்பு தேவைப்பட்ட தருணங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மாதத்தில் இரண்டு மூன்றுதான் என்றால், அதுவும் ஒரே பயணத்தில் என்றால், அந்தப் பயணத்துக்கு மட்டும் வாடகை வண்டி எடுப்பது மலிவு.

இரண்டாம் படி: இருக்கும் வண்டியைச் சரிசெய்து பாருங்கள்

ஏழெட்டு ஆண்டு ஓடிய 150 சிசி பைக், ஷோரூமிலிருந்து வந்தபோது இருந்த அதே பைக் அல்ல. கிளட்ச் பிளேட் தேய்ந்து நழுவும். செயின் ஸ்ப்ராக்கெட் பற்கள் கூர்மையாகிவிட்டிருக்கும். ஏர் ஃபில்டர் தூசியால் அடைந்திருக்கும். வால்வ் கிளியரன்ஸ் பல ஆண்டுகளாகப் பார்க்கப்படாமல் இருக்கும். பிரேக் லேசாகப் பிடித்தபடியே சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். இவை ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் திறனைத் தின்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. இந்த ஐந்தையும் பார்த்துச் சரிசெய்து, நல்ல டயர் இரண்டைப் போட்டு, இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு ஆசை அத்துடன் அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டாலும் நட்டமில்லை: விற்கும்போது வாங்க வருபவர் பேரம் பேசுவதற்கான காரணங்கள் குறைந்திருக்கும்.

மூன்றாம் படி: சிசியை விட்டுவிட்டு எடைக்கு எவ்வளவு திறன் என்று பாருங்கள்

நம் ஊரில் வண்டியின் பெருமை சிசியில் அளக்கப்படுகிறது. அது தவறான அளவுகோல். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 349 சிசியில் சுமார் 20 குதிரைத்திறன் தருகிறது. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி, 200 சிசிக்கும் குறைவான எஞ்சினில் ஏறத்தாழ அதே திறனைத் தருகிறது. எடையிலோ 40 கிலோவுக்கு மேல் குறைவு. முன்னது எஞ்சினின் தாழ்ந்த சுழற்சியிலேயே (நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) 27 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல் விசை) தருவதால், கியரை மாற்றாமல் மெதுவாக இழுத்துக்கொண்டு போகும் சுகம் அதில் உண்டு. முந்தும் வேகம் பின்னதில் உண்டு. இரண்டும் வெவ்வேறு தேவைகளுக்கானவை.

வண்டியின் எடையுடன் 75 கிலோ எடையுள்ள ஒருவரைச் சேர்த்து, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் படம் தெளிவாகும். 14 குதிரைத்திறனும் சுமார் 148 கிலோ எடையும் கொண்ட பல்சர் 150க்கு இது ஏறத்தாழ 63. கிளாசிக் 350க்கு 75. 2019இல் 40 குதிரைத்திறனாக உயர்த்தப்பட்ட பஜாஜ் டோமினார் 400க்குச் சுமார் 150. 47 குதிரைத்திறனும் 202 கிலோவும் கொண்ட இன்டர்செப்டர் 650க்குச் சுமார் 170. 373 சிசி கேடிஎம் 390 டியூக்குக்குச் சுமார் 180. பல்சரிலிருந்து கிளாசிக்குக்கு மாறுபவர் திறனைத் தேடி மாறினால் ஏமாந்துபோவார். அவருக்குக் கிடைப்பது வேறொரு ஓட்டும் குணம். பல்சரிலிருந்து 390 டியூக்குக்கு மாறுபவரோ ஒரே நாளில் ஏறத்தாழ மூன்று மடங்குக்குத் தாவுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே 200 முதல் 250 சிசி வரையில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. முதல் படியின் குறிப்பில் முந்துவதும் மலையேற்றமும் மட்டுமே இருந்தால், என் கணிப்பில் பெரும்பாலோரின் தேவை அங்கேயே முடிந்துவிடுகிறது.

திறனைப் படிக்கும்போது சுழற்சியையும் சேர்த்துப் படியுங்கள். ஒற்றை சிலிண்டர் 390 டியூக் தன் முழுத் திறனை 9,000 சுழற்சியில்தான் தருகிறது. கீழ்ச் சுழற்சியில், உயர் கியரில் மெதுவாகப் போகச் சொன்னால் திமிறும். இரட்டைச் சிலிண்டர் இன்டர்செப்டர் 7,000ஐச் சற்றுத் தாண்டியதும் உச்சத்தைத் தொடுகிறது. கீழேயும் மென்மையாக இழுக்கும். தினமும் கத்திப்பாரா நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்பவருக்கு, உச்சத் திறனைக் காட்டும் எண்ணைவிட இந்த வேறுபாடு முக்கியம். அதே நெரிசலில் பெரிய எஞ்சினின் வெப்பம் தொடையில் ஏறுவதையும் மே மாதத்தை மனத்தில் வைத்து எண்ணிப்பாருங்கள்.

நான்காம் படி: ஓட்டுபவரையும் சோதியுங்கள்

ஐரோப்பிய நாடுகளில் பைக் உரிமம் படிப்படியானது. நடுப் படியான ஏ2 உரிமத்தில் 35 கிலோவாட் திறனைத் தாண்ட முடியாது. இந்தியாவில் அப்படி இல்லை. கியர் வண்டிக்கான ஒரே உரிமத்தில் ஸ்பிளெண்டரும் ஓட்டலாம், 200 குதிரைத்திறன் கொண்ட பந்தய ரக பைக்கும் ஓட்டலாம். சட்டம் போடாத படிகளை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிற்கும் தூரத்திலிருந்து தொடங்கலாம். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு விநாடியும், காய்ந்த நல்ல சாலையில் பயிற்சியுள்ளவரின் முழுப் பிரேக்கும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிமீ வேகத்தில் வண்டி நிற்கச் சுமார் 37 மீட்டர் ஆகும். 80இல் 58 மீட்டர். 100இல் 83 மீட்டர். பெரிய வண்டியின் ஆபத்து அது 150இல் போகும் என்பதில் மட்டும் இல்லை. 100இல் போகும்போது 70 போலத் தோன்றும் என்பதில் இருக்கிறது. நடுக்கம் இல்லை, இரைச்சல் இல்லை. சின்ன வண்டி கொடுத்துவந்த எச்சரிக்கைகள் ஒன்றும் இல்லை.

காலியான மைதானத்தில் இப்போதைய வண்டியை வைத்தே மூன்று சோதனைகளைச் செய்யலாம். 40 கிமீ வேகத்திலிருந்து முன் பிரேக்கை முதன்மையாகப் பயன்படுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிறுத்த முடிகிறதா? காலை ஊன்றாமல், நடைவேகத்தில் எட்டு வடிவில் திருப்ப முடிகிறதா? வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டுவிடும் பழக்கம் இருக்கிறதா? இவற்றில் தடுமாறுபவர் பெரிய வண்டிக்கு முன் பயிற்சிக்குச் செலவிடுவது நல்லது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பைக் ஓட்டும் பயிற்சி முகாம்கள் நடப்பதுண்டு.

அதன்பின், வாங்க நினைக்கும் அதே வகை வண்டியை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துடன், முறையாக வாடகைக்கென்றே பதிவான வண்டிகள் புதுச்சேரி, பெங்களூரு போன்ற இடங்களில் கிடைக்கின்றன. பலர் இந்த இரண்டு நாளையும் மலைக்கும் கடற்கரைச் சாலைக்குமே கொடுத்துவிடுகிறார்கள். ஒரு நாளையாவது உங்கள் அன்றாடத்தைப் போன்ற நெரிசலில், காலை ஒன்பது மணிக்கு ஓட்டுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவான வண்டி நிறுத்தத்திலிருந்து 200 கிலோவைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பின்னிருக்கையில் உங்கள் மனைவியையோ அம்மாவையோ உட்காரச் சொல்லுங்கள். உயர்ந்து, குறுகி, கைப்பிடி இல்லாமல் இருக்கும் அந்த இருக்கையில் புடவை கட்டிய அறுபது வயதுக்காரர் ஏற முடியாது என்ற உண்மையை, வண்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பிறகு ஒரு ஸ்கூட்டரும் வாங்கப்படுகிறது.

ஐந்தாம் படி: வாங்கும் விலையைத் தள்ளிவைத்து, வைத்திருக்கும் செலவைக் கூட்டுங்கள்

பழைய பெரிய வண்டியைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இது: ஆண்டுகள் ஆக ஆக வண்டியின் விலை குறையும், அதன் உதிரிபாகங்களின் விலை குறையாது. மூன்று லட்சம் ரூபாய் வண்டியை ஒன்றரை லட்சத்துக்கு வாங்குபவர், மூன்று லட்சம் ரூபாய் வண்டிக்குரிய டயரையும் செயினையும் டிஸ்க்கையும்தான் வாங்கியாக வேண்டும். முதல் உரிமையாளர் விற்பதற்குத் தேர்ந்தெடுக்கும் நேரமும் பெரும்பாலும் இந்தச் செலவுகள் ஒன்றாகச் சேரும் நேரம்தான்.

ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அந்த வண்டியின் சர்வீஸ் சென்டர் உதிரிபாகக் கவுன்டரில் ஏழு பொருள்களின் விலையைக் கேட்டு எழுதுங்கள்: இரண்டு டயர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், முன்பின் பிரேக் பேட், கிளட்ச் பிளேட் செட், முன் ஃபோர்க் ஆயில் சீல், முன் டிஸ்க், முகப்பு விளக்கு. கையிருப்பில் உண்டா, வரவழைக்க எத்தனை நாளாகும் என்பதையும் கேளுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஒருமுறை விசாரித்தால் மாற்று நிறுவனப் பொருள்கள் கிடைக்கின்றனவா என்பது தெரியும். 150 சிசி வண்டிக்கு எந்த ஊரிலும் கிடைக்கும் பொருள், நிறுத்தப்பட்ட ஒரு 300 சிசி மாடலுக்கு மாதக்கணக்கில் வராமல் போவது சாதாரணம். இந்த ஏழு விலைகளின் கூட்டுத்தொகையை உங்களால் ஒரே ஆண்டில் தாங்க முடியாது என்றால், வண்டியை இலவசமாகவே கொடுத்தாலும் அது உங்களுக்கு ஏற்றதல்ல.

பெட்ரோல் கணக்கு எளிது. மாதம் 1,000 கிமீ, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 48 கிமீ தரும் வண்டிக்குச் சுமார் 2,080 ரூபாய். 26 கிமீ தரும் வண்டிக்குச் சுமார் 3,850. மாதத்துக்கு 1,770 ரூபாய் வேறுபாடு, ஆண்டுக்கு 21,000க்கு மேல்.

காப்பீட்டில் 350 சிசி ஒரு எல்லைக்கோடு. 2022 ஜூனில் வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணப்படி, 75க்கு மேல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய், 150க்கு மேல் 350 வரை 1,366, 350க்கு மேல் 2,804, வரி தனி. 349 சிசி வண்டியும் 373 சிசி வண்டியும் பெயரளவில் அருகருகே இருந்தாலும், கட்டணத்தில் பின்னது இரு மடங்குக்கு மேல். அதே கோட்டில்தான் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் பிரிந்தது: 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் சேர்த்து 31ஆக இருந்தது 40ஆக உயர்ந்தது. பழைய வண்டிச் சந்தையில் இதன் பொருள் என்ன? 350 வரையுள்ள பழைய வண்டிக்கு அதற்கு முந்தைய விலையைக் கேட்பவரிடம், இன்றைய புதிய வண்டியின் விலைச்சீட்டைக் காட்டலாம். 350க்கு மேற்பட்ட வண்டியை விற்பவர் பொதுவாக இறங்கிவர யோசிப்பார்.

வண்டியின் வயதைப் பொறுத்தவரை இரண்டு தேதிகளை மனத்தில் வையுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல் 1 முதல். பிஎஸ்6 புகை மாசு விதி வந்தது 2020 ஏப்ரல் 1 முதல். 40 குதிரைத்திறனுக்கு முதன்முறையாகத் தாவுபவருக்கு ஏபிஎஸ் இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறாம் படி: வண்டியை நேரில் பார்ப்பது

காலையில் போங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள், வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்னதாகவே ஓட விட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். குளிர்ந்த எஞ்சின் எப்படி எழும்புகிறது, முதல் அரை நிமிடம் என்ன சத்தம் வருகிறது, சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்பவை சூடான எஞ்சினில் தெரியாது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் சற்று நேரம் வரும் வெள்ளை ஆவி இயல்பு. சூடான பிறகும் அது தொடர்ந்தால், நீர்க் குளிரூட்டல் உள்ள வண்டியில் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று ஐயப்பட வேண்டும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபியின் நிறத்தில் பசை படிந்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. திறன் கூடிய வண்டிகள் அதிகம் விழுந்திருக்கும். பிரேக், கிளட்ச் லீவர்களின் நுனி, ஹேண்டில்பார் முனை, கால்மிதிகளின் ஓரம், எஞ்சின் மூடியின் பக்கவாட்டு ஆகிய நான்கும் உரசியிருந்தால் வண்டி ஒருமுறையாவது பக்கவாட்டில் படுத்திருக்கிறது. நின்ற இடத்திலேயே சாய்ந்ததாகவும் இருக்கலாம், அது பெரிய குற்றமில்லை. பார்க்க வேண்டிய இடம் ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பும்போது இடிக்கும் நிறுத்தக் குமிழ். முன்பக்க மோதலில் அது நசுங்கும் அல்லது உடையும். விற்பவர் பெயின்ட் அடிக்க மறப்பதும் அதைத்தான். அதன் அருகே ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் பெயின்ட் வெடித்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதிதாக அடிக்கப்பட்டிருந்தாலோ, வண்டியை விட்டுவிடுங்கள்.

சென்னை வண்டிக்கு இன்னொரு சோதனை உண்டு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு வண்டியில், பேச்சு முடிந்து முன்பணம் கொடுக்கும் நேரத்தில், கருவிப் பையை எடுத்துப் பார்ப்போம் என்று இருக்கையைக் கழற்றினேன். பேட்டரிக்கு அடியில் விரல் தடிமனுக்கு வண்டல் காய்ந்து கிடந்தது. விற்பவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து இருக்கையைக் கழற்றுவதை முதலிலேயே செய்துவிடுகிறேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேற்றுக் கோடு, முகப்பு விளக்கினுள் நீர்த்திரை, வயர் இணைப்புகளில் பச்சைத் துரு ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். 14,000 கிமீ என்று காட்டும் வண்டியில் கால்மிதி ரப்பர் மழமழப்பாகவும், டிஸ்க்கின் விளிம்பில் நகத்தால் உணரும்படி படி விழுந்தும் இருந்தால் எண் பொய். டிஸ்க்கின்மேல் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும், அதனுடன் ஒப்பிடலாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பதிவெண்ணைக் கொண்டு சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைப் பார்த்துத் தரச் சொல்லி விற்பவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். வர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் பிடித்து இழுங்கள். பற்களை விட்டுப் பாதிக்கு மேல் எழும்பினால் மாற்ற வேண்டியதுதான். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால், நடுவில் எங்கும் பள்ளத்தில் விழுவதுபோல நிற்கக் கூடாது. ஃபோர்க்கை அழுத்தி விட்டால் குழாயில் எண்ணெய் வளையம் தெரியக் கூடாது. மாற்றுச் சைலன்சர் போட்டிருந்தால் அசல் சைலன்சர் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அதன் புதிய விலையைக் கழிக்கச் சொல்லலாம். எஞ்சின் கணினியிலும் கை வைத்திருப்பார்களோ என்ற ஐயத்தை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் முடிந்தபின்தான் ஓட்டுங்கள். சாவியை இயக்கத்துக்குத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, நகர்ந்தபின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். கைகளை லேசாக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. உயர் கியரில் தாழ்ந்த வேகத்திலிருந்து முறுக்கும்போது, வேகம் கூடாமல் சுழற்சி மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. கியர் எதுவும் தானாக நழுவக் கூடாது. இருபது நிமிடமாவது ஓட்டினால்தான் ரேடியேட்டர் விசிறி இயங்குகிறதா என்பது தெரியும். உங்கள் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். அந்த வகை வண்டியை இதுவரை திறந்தே பார்க்காதவர் என்றால், பார்த்த ஒருவருக்குக் கூலி கொடுத்தாவது அழைத்துப் போங்கள்.

ஏழாம் படி: ஆவணங்கள்

ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றுடன் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் கடன் பதிவு, காப்பீட்டுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர் ஆகியவை தெரியும். நிலுவையிலுள்ள இ-சலான்களையும் தனியே பார்த்துவிடுங்கள். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29உம் 30உம் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது.

பெங்களூரில் விலை குறைவு என்று கர்நாடகப் பதிவு வண்டியை வாங்குபவர்கள், படிவம் 28இன்படி அங்கிருந்து பெற வேண்டிய தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்பச் செலுத்த வேண்டிய வரி, அலைச்சல் ஆகிய மூன்றையும் விலையோடு கூட்டிய பிறகு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் மிச்சம் எதுவும் இருக்காது.

2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. அதனால் “இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், வண்டியின் சேதத்துக்கான காப்பீடு முதல் ஆண்டோடு முடிந்துபோயிருக்கலாம். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற, வாங்கிய 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான கட்டணத் தள்ளுபடி) வண்டிக்குரியது அல்ல, ஆளுக்குரியது. விற்பவருடையது உங்களுக்கு வராது, ஆனால் உங்கள் பழைய வண்டியில் சேர்த்ததை, காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று பெற்றுப் புதிதாக வாங்கும் வண்டிக்குக் கொண்டுபோகலாம்.

எட்டாம் படி: பழைய வண்டியை எப்போது கொடுப்பது

எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் அலைச்சல் இல்லை, விலை குறையும்; நேரடியாக விற்றால் விலை கூடும், ஆள் தேட வேண்டும். எந்த வழியானாலும் ஆர்சி உங்கள் பெயரிலிருந்து மாறியதை நீங்களே பரிவாகனில் பார்க்கும்வரை விடாதீர்கள். டெலிவரி நோட் எழுதி வாங்கிவிட்டோம் என்று இருந்துவிட முடியாது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு விபத்து வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

இடமும் பணமும் அனுமதித்தால், இரண்டு வண்டிகளையும் மூன்று மாதம் ஒன்றாக வைத்திருங்கள். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது கை எந்தச் சாவியை எடுக்கிறது என்று கவனியுங்கள். வாரத்தில் ஐந்து நாளும் பழைய சாவியையே எடுப்பவராக இருந்தால், விற்க வேண்டியது பெரிய வண்டியாகவும் இருக்கலாம். நல்ல நிலையிலிருந்த அந்தப் பெரிய வண்டியைப் பழைய வண்டிக்குரிய விலைக்கே வாங்கியிருந்தால், மூன்று மாதத்தில் அதில் பெரிதாக நட்டம் வராது.

பெரிய வண்டி தங்குவது என்று முடிவானால், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் அப்போதே பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெரும்பாலான வண்டிகள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் குறியுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரை இரவு நெடுஞ்சாலைக்கும் மழைக்கும் போகாமல், பின்னிருக்கையில் யாரையும் ஏற்றாமல் ஓட்டுங்கள்.